மைல்ட் எம்.ஆர்.

ஜூன் 9, திங்கள்

பெரும்பாவூரிலிருந்து ப்ளைவுட் லோடு காலையிலேயே வந்துவிட்டது. சுடலைமணி அண்ணன் ஒற்றை ஆளாகப் பாதியை இறக்கினார். மீதிக்கு ஆள் பிடிக்க நான் போன் பண்ணிக்கொண்டிருந்தபோது கடை வாசலில் கார் நின்றது. எனக்கு நிச்சயித்திருக்கும் சிவசைலத்தின் அம்மாவும், சிவசைலத்தின் தாய்மாமா உமையொருபாகம் சாரும் இறங்கினார்கள். கல்யாணப் புடவை எடுக்க நாள் பார்த்துச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் காப்பி வாங்கிவரச் சொன்னேன். காப்பி வருவதற்குள் போய்விட்டார்கள்.

நான் பலகை அடுக்குக்குப் பின்னால் நின்றேன். மாமா ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் எங்கேயும் கேட்கும்.

“நயினார், பிள்ளைக்கு மைல்ட் எம்.ஆர்.னு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?”

“டாக்டர் பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாரு சார். அதான் பெருசா எடுத்துக்கிடல. மறைக்கணும்னு இல்ல” என்றார் அப்பா.

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் சார்.”

“அது போதும். நிச்சயத்துக்குப் போட்டதெல்லாம் அவளே வச்சுக்கிடட்டும். நாங்க கேக்க மாட்டோம்.”

மே மாதம் காய்ச்சல் வந்தபோது டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்தில் ஒரு வால்வு முழுதாக மூடவில்லை, லேசாக ரத்தம் பின்னால் கசிகிறது, அவ்வளவுதான் என்றார். சீட்டில் ‘மைல்ட் எம்.ஆர்., ஒரு வருடம் கழித்து வரவும்’ என்று எழுதித் தந்தார். அதைப் படம் எடுத்துச் சிவசைலத்துக்கு நான்தான் அனுப்பினேன். கட்டிக்கொள்ளப் போகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

நெஞ்சில் கோளாறு என்றால் யாரும் பயப்படுவார்கள்தான். பயந்தார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சிவசைலம் சென்னையில் இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் நடந்திருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

போன் செய்தேன். எடுக்கவில்லை. ஆபீசில் இருப்பார்.

ஜூன் 15, ஞாயிறு

டவுனில் சித்தி வீட்டு வளைகாப்பு. போக மாட்டேன் என்றேன். “நீ என்ன தப்பு பண்ண, தலைய நிமித்திக்கிட்டு வாட்டி” என்று அம்மா இழுத்துப் போனாள்.

பந்தியில் சிவப்புக் கல் மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள் என் எதிரில் வந்து குனிந்தாள். என் கன்னத்தைத் தட்டினாள். “சாப்... பிட்டியாம்மா? தானா எடுத்துச் சாப்பிட்டுருவியா?” என்று ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகக் கேட்டாள். செவிடு என்று நினைத்துவிட்டாள் போல என்று எண்ணி, “கேக்குதும்மா, சாப்பிடுதேன்” என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, “நல்லாத்தான் பேசுது, பாவம்” என்றாள்.

சித்தியை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உனக்குத் தெரியாதா? உனக்கு மூளை வளர்ச்சி கம்மின்னு ஊர் பூரா சொல்லிட்டாவட்டி. மைல்டுதானாம். பாத்தா தெரியாதாம். பள்ளிக்கூடத்துல அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு எம்.ஆர்.னு பேராம். ஹெச்.எம். சாருக்குத் தெரியாதா? உங்கப்பாவே ஒத்துக்கிட்டாராமே.”

எம்.ஆர். மென்டல் ரிடார்டேஷன்.

நான் பி.காம். முதல் வகுப்பு. ஆறு வருஷமாகக் கடையை நான்தான் நடத்துகிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால், நல்லாத்தான் பேசுது என்பார்கள்.

ஜூன் 16, திங்கள்

அப்பா எக்கோ ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு உமையொருபாகம் சார் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நான் சொன்னேன், வடிவு. இது நெஞ்சு சமாச்சாரம் சார், மைட்ரல் வால்வுன்னு படம் போட்டே இருக்குன்னேன். வாங்கிக்கூடப் பாக்கல. ‘ரிப்போர்ட் எத்தனை வேணும்னாலும் வாங்கலாம் நயினார். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெத்தவங்க முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க. நான் முப்பது வருஷமா பாக்கேன். ஒத்துக்கிட்டாத்தான் பிள்ளைக்கு நல்லது’ன்னு எனக்கு ஆறுதல் சொல்லுதாரு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார். ஆறுதல் சொன்னதுதான் அவரை உட்கார்த்திவிட்டது.

அந்த ஆளை நான் விட மாட்டேன். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன். எப்படி என்று தெரியாது.

ஜூன் 18, புதன்

மூன்று நாளாக இந்த இரண்டு எழுத்து என் மண்டைக்குள் சுற்றுகிறது.

குழந்தை பிறந்த வீட்டில் நர்ஸ் வந்து எம்.ஆர். போட்டாச்சா என்றால் அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான தடுப்பூசி. ஆஸ்பத்திரி வாசலில் தோல்பையோடு நிற்பவர் எம்.ஆர்., மருந்துக் கம்பெனி ஆள். லாரி ஆபீசில் எம்.ஆர். வாங்கிட்டீங்களா என்றால் பணம் கட்டிய ரசீது. எங்கள் கடையில் பாதிப் பலகையில் எம்.ஆர். என்றுதான் முத்திரை இருக்கிறது. அது மாய்ஸ்சர் ரெசிஸ்டன்ட். நான் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த எழுத்து. ஒரு ஹெட்மாஸ்டருக்கு அவர் பள்ளிக்கூடத்தில் பார்த்த ஒரே அர்த்தம்தான் உலகத்தில் உண்டு. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னாலேயே ஆள் உயரத்துக்கு எம்.ஆர். அடுக்கியிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

சீட்டின் படத்தை அனுப்பிய அன்று, எம்.ஆர். என்றால் என்ன என்று விளக்கிச் சிவசைலத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பியிருந்தேன். மைக் அடையாளம் நீலமாகத்தான் இருக்கிறது, அதாவது அதைத் திறந்திருக்கிறார். கூட்டத்தில் இருந்திருப்பார். கை பட்டுத் திறந்திருக்கும். கேட்டிருந்தால் மாமாவைத் திருத்தியிருக்க மாட்டாரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

ஜூலை 2, புதன்

இன்று ஒரு வாடிக்கையாளர் நான் போட்ட பில்லைத் தன் போனில் மறுபடி கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. அப்படியும், “அப்பா இல்லையாம்மா?” என்றார்.

அவர் போனதும் ஸ்கேலைத் தூக்கி எறிந்தேன். “என்னைப் பாத்தா எம்.ஆர். மாதிரியா இருக்கு?” என்று கத்தினேன். பலகை சாய்த்துக்கொண்டிருந்த சுடலைமணி அண்ணன் அப்படியே நின்றார்.

“யம்மா, எம் மவ இசக்கி எம்.ஆர்.தான். அதுக்குன்னு இருக்க பள்ளிக்கூடத்துலதான் படிக்கா. உங்களை அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுக்கா இவ்வளவு கோவப்படுதிய?”

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. குனிந்து ஸ்கேலை எடுத்தேன்.

அவர் கேட்டது நியாயம். ஆனாலும் என் கோபம் குறையவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது.

ஜூலை 24, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

மத்தியானம் கொம்பையா ஆசாரி வந்தார். அவர் எடுக்கும் வேலைக்கெல்லாம் பலகை எங்களிடம்தான். என்.ஜி.ஓ. காலனியில் ஒரு புது வீட்டுக்கு அடுக்களை அலமாரி, பரண், குளியலறைக் கதவு எல்லாம் செய்கிறாராம். சின்ன வயதில் அந்தக் காலனியைத் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்கள் இருக்கும் இடம் என்று நினைத்திருந்தேன். கெசட்டில் பேர் வராத அரசு ஊழியர்களுக்குப் போட்ட காலனி என்று அப்பாதான் சொன்னார். எழுத்தை மட்டும் பார்த்து நானும்தான் ஏமாந்திருக்கிறேன். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

“வீட்டுக்காரர் யாரு அண்ணாச்சி?”

“ரிட்டயர்ட் ஹெச்.எம். உமையொருபாகம் சார்.”

நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தண்ணி படுற இடத்துக்கு வாட்டர் ப்ரூஃப்தான் போடணும்னு சொன்னா, கமிஷனுக்குச் சொல்லுதேன்னு நினைக்காரும்மா. எம்.ஆர். விலை கம்மின்னு யாரோ சொல்லிருக்காவ. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று போனில் அவரைப் பிடித்து என் கையில் கொடுத்துவிட்டார்.

அதே குரல். “யாரு, கடையா? இந்த ஆசாரி விலை கூடின பலகையிலேயே நிக்கான். எம்.ஆர்.னு ஒண்ணு இருக்காமே. எம்.ஆர்.னா என்ன?”

ஜூன் மாதம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“மாய்ஸ்சர் ரெசிஸ்டன்ட் சார்.”

“மாய்ஸ்சர்னா ஈரம். ரெசிஸ்டன்ட்னா எதிர்த்து நிக்கது. அப்ப ஈரம் தாங்கும்.”

“ஈரம் தாங்கும் சார்.”

“அதான பாத்தேன். எங்கிட்டயா இங்கிலீஷ்?” போனை வைத்துவிட்டார். என் குரல் அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் அவர் பேசியதே இல்லையே, எப்படித் தெரியும்?

காற்றில் இருக்கும் ஈரத்தைத்தான் தாங்கும், தண்ணீர் பட்டால் உப்பிவிடும், கழுவுமிடத்துக்கு ஆகாது. இந்த வாக்கியத்தைக் கடைக்கு வரும் எல்லாரிடமும் கேட்காமலேயே சொல்கிறேன். இன்று சொல்லவில்லை.

ஆசாரி என்னையே பார்த்தார். “யம்மா, சிங்குக்கு அடியில இது நிக்காதே.”

“அவருக்கு இங்கிலீஷ் தெரியுமாம் அண்ணாச்சி. நான் பொய் ஒண்ணும் சொல்லலியே.”

ஆசாரி தலையைச் சொறிந்தார். வீட்டுக்காரர் சொல்லைத் தட்ட அவருக்கும் முடியாது. பலகையை ஏற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு பலகையிலும் முத்திரை தெளிவாக இருந்தது. பில்லிலும் எம்.ஆர். என்று பெரிய எழுத்தில் அடித்தேன்.

ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். அம்மா சந்தோஷப்பட்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

என்.ஜி.ஓ. காலனியில் பால் காய்ப்பு நல்லபடி முடிந்ததாம். அடுக்களையை எல்லாரும் மெச்சினார்களாம். ஆசாரி சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். சிவசைலத்துக்குத் தூத்துக்குடியில் பெண் முடிவாகிவிட்டது. பெண்ணின் அப்பாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுமதித் தொழில். தை மாதம் கல்யாணம். வைகாசியிலேயே அந்தச் சம்பந்தம் வந்திருந்ததாம்.

வைகாசியில் எனக்கும் அவருக்கும் நிச்சயம் நடந்தது.

ஆசாரிக்கு மாதம் மாறிப்போயிருக்கும். அவர் அம்மா கட்டாயப்படுத்தியிருப்பாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. மழைக்கு அறிகுறியே இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. நல்ல மழை. கடை வாசலில் நின்று நனைந்தேன். அம்மா திட்டினாள்.

நவம்பர் 6, வியாழன்

விடாமல் பெய்கிறது. ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறது என்று பாலத்தில் கூட்டம்.

கொம்பையா ஆசாரி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். சிங்குக்குக் கீழே கதவுகள் உப்பி மூட முடியவில்லை. சுவர் கசிந்து பரண் தொய்ந்துவிட்டது. குளியலறைக் கதவு பிரிந்து இலை இலையாக நிற்கிறது. சாரின் மனைவி பாத்திரங்களையெல்லாம் கூடத்தில் தரையில் பரப்பி வைத்துச் சமைக்கிறாளாம்.

அந்த அம்மாள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அதை யோசித்தேன். பிறகு வளைகாப்பில் என் கன்னத்தில் பட்ட கையை யோசித்தேன்.

நவம்பர் 22, சனி

வந்தார்கள்.

முதலில் குடை தெரிந்தது. உமையொருபாகம் சார் கையில் ஊறிப்போன ஒரு துண்டுப் பலகை. கண்ணில் புரை அறுவை செய்திருக்கிறார் போல, கறுப்புக் கண்ணாடி. அதனால் கார் ஓட்டி வந்தது சிவசைலம். கல்யாணப் பத்திரிகை அடிக்க ஊருக்கு வந்திருக்கிறார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவரைப் பார்க்கிறேன். லேசாகச் சதை போட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் போனை எடுத்து அதில் எதையோ தேடினார்.

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். சார் பலகையை மேசையில் போட்டார்.

“நயினார், இது உங்க கடைச் சரக்குன்னு ஆசாரி இன்னைக்குத்தான் பில்லைக் காமிச்சுச் சொல்லுதான். பழி வாங்க வேணும்னே மட்டப் பலகையத் தள்ளிருக்கிய.”

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “சார், உக்காருங்க. என்ன ஆச்சு?”

“அப்பாட்ட கேக்காதிய. வித்தது நான்” என்றேன். “பலகையில எம்.ஆர்.னு முத்திரை இருந்துச்சா சார்?”

“இருந்துச்சு.”

“பில்லுல?”

“இருந்துச்சு. போன்ல கேட்டப்ப ஈரம் தாங்கும்னு சொன்னது நீயா?”

“நான்தான். எம்.ஆர்.னா என்னன்னு கேட்டிய. பாதி சொல்லும்போதே மீதிய நீங்களே முடிச்சுட்டிய. முழுசா கேட்டுருந்தா சொல்லிருப்பேன். ஜூலையிலயும் கேக்கல. ஜூன்லயும் கேக்கல.”

வாடிக்கையாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“அதுவும் இதுவும் ஒண்ணா?” என்றார் சார்.

“எழுத்து ஒண்ணுதான் சார். அங்க வால்வு. இங்க பலகை. உங்க பள்ளிக்கூடத்துல வேற. எங்கப்பா ரிப்போர்ட்டோட உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. வாங்கிப் பாத்தியளா?”

அவர் பலகையைப் பார்த்தார். முத்திரை ஊறி மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. அவர் குரல் முதல்முறையாக இறங்கியது. “நான் ஒருத்தன் மட்டும் சொன்னா தப்பா இருக்கலாம்மா. இவன்ட்ட கேட்டேன்லா. டாக்டர்ட்ட விசாரிச்சியான்னேன், விசாரிச்சேன்னான். நான் சொன்னது சரிதானன்னேன், தலைய ஆட்டுனான். என்னடே, ஆட்டுனியா இல்லையா?”

சிவசைலம், “மாமா, கார்ல போயிப் பேசலாமே” என்றார்.

நான் போனை எடுத்தேன். மே மாதத்து வாய்ஸ் மெசேஜைச் சத்தமாகப் போட்டேன். என் குரல்தான், ஆனால் அப்போது எவ்வளவு சிரிப்பு அதில். “எம்.ஆர்.னா மைட்ரல் ரிகர்ஜிட்டேஷனாம். நெஞ்சுல ஒரு வால்வு சோம்பேறியாம், சரியா மூட மாட்டேங்காம். ஓடலாம், ஆடலாம், எல்லாம் பண்ணலாம்னுட்டாரு டாக்டர். நீங்க பயப்படாதிய.”

“நான் இதைக் கேக்கவே இல்ல” என்றார் சிவசைலம்.

போனைச் சாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தருகே வைத்துப் படித்தார். வாய்ஸ் மெசேஜுக்குக் கீழே சிவசைலம் அனுப்பிய பதில் இருந்தது. சிரிக்கும் பொம்மை ஒன்று. பிறகு, ‘அப்ப எங்கிட்ட ஓடி வந்துரு’.

இந்தப் பதிலை நான் இங்கே எழுதவே இல்லை. ஜூனிலும் எழுதவில்லை. தினம் எடுத்துப் பார்த்தேன், எழுதவில்லை.

“எல்லாம் தெரிஞ்சுதான் தலைய ஆட்டுனியா?” என்றார் சார்.

“நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே மாமா. நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான்.”

அந்தப் பேச்சு என்னை என்னவோ செய்தது. ஜூலையில் ஆசாரியிடம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் இன்று எழுத விருப்பமில்லை.

சிவசைலம் மழையில் இறங்கிக் காருக்குப் போய்விட்டார். சார் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். அப்பா தண்ணீர் கொடுத்தார்.

“எத்தனை பேர்ட்ட சொன்னேன்னு எனக்கே தெரியலியேம்மா.”

“எனக்குத் தெரியும் சார். ஒவ்வொரு வீடா போவோம். நீங்க சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்.”

நவம்பர் 23, ஞாயிறு

அப்பா காலையில் பேசினார். திட்டவில்லை.

“அவரு கேக்காட்டாலும் நீ சொல்லிருக்கணும், வடிவு. கடையில உக்காந்தா அதுதான் நம்ம வேலை.”

“அவரு என்னைச் சொன்னாருல்லா?”

“சொன்னாரு. அதுக்கு அவரைச் சட்டையப் பிடிச்சிருந்தாக்கூட நான் ஒண்ணும் சொல்லிருக்க மாட்டேன். பலகையில ஏன் காமிச்ச?”

என்.ஜி.ஓ. காலனிக்கு வாட்டர் ப்ரூஃப் பலகையை அப்பாவே ஏற்றி அனுப்பினார். ஆசாரிக்குக் கூலியும் நாங்கள்தான். சுடலைமணி அண்ணன் கட்டும்போது நானும் கயிறு பிடித்தேன். அப்பா சொல்வது சரி. எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். அந்த அம்மாளை நினைத்து மட்டும் கொஞ்சம் வந்தது.

நவம்பர் 26, புதன்

இன்றோடு உள்ளூர் வீடுகள் முடிந்தன. நான் கேட்டபடியே சார் ஆட்டோ பிடித்து வந்தார். மூக்குத்தி அம்மாள் வீட்டில் கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, “ஒரு சின்னத் தப்பாயிட்டு” என்று முணுமுணுத்தார்.

“அவங்களுக்குக் கேக்கல சார். மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வகுப்பில் பையன்கள் அவரை அப்படிப் பார்த்திருப்பார்கள். பிறகு சொன்னார். “இந்தப் பிள்ளைக்கு... மூளையில... ஒரு குறையும் இல்ல. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி... நான்தான் சொன்னேன்.”

மூக்குத்தி அம்மாள் எனக்கு ஜிலேபி கொடுத்தாள். நன்றாக இருந்தது. முழுதும் தின்றேன்.

ஆட்டோவில் திரும்பும்போது சாரே ஆரம்பித்தார். “தூத்துக்குடிக்காரங்ககிட்டயும் சொல்லணும்மா. அந்தப் பிள்ளையக் கேட்டு நானும்தான் போனேன்.”

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக இல்லை. எனக்கு அந்தக் கல்யாணம் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

நவம்பர் 30, ஞாயிறு

தூத்துக்குடி. கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு. பெண்ணின் பெயர் பகவதி. அப்பாவின் ஆபீசை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். என்னைப் பார்த்ததும் மேலும் கீழும் அளந்தாள். நானும் அளந்தேன்.

சார் எல்லாவற்றையும் சொன்னார். பகவதியின் அப்பா இடையில் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். அவள் மட்டும் அசையவில்லை. என் போனை வாங்கி அந்த மெசேஜை இரண்டு தரம் கேட்டாள்.

“நீங்க கோவத்துல வந்திருக்கியன்னு நான் நினைக்கலாம்லா?” என்றாள் என்னிடம்.

“கோவத்துலதான் வந்தேன்” என்றேன். “அதுக்காக இது இல்லன்னு ஆகிருமா?”

அவள் தன் போனில் சிவசைலத்தைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

“வடிவுன்னு யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?”

அந்தப் பக்கம் தயங்கியது. “யாரு சொன்னா?”

“பேரு காதுல விழுந்துச்சு.”

“அதுவா. வீட்டுல முன்னாடி பார்த்த இடம். சரிவரல. அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் புத்தி வளர்ச்சி கம்மி. பாவம், வெளியில சொல்ல வேண்டாமேன்னு நான் சொல்லல.”

பகவதியின் அப்பா நடையை நிறுத்தினார். சார் வாயைத் திறந்தார். பகவதி விரலை உயர்த்தி அவரைத் தடுத்தாள்.

“நிச்சயமா தெரியுமா?”

“டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. எம்.ஆர்.னு. நானும் விசாரிச்சிட்டுத்தான் விட்டேன். இப்ப அது ஏதாவது உளறுதா? அது சொல்றதையெல்லாம் நீ காதுல போட்டுக்காத.”

அது. ஒரு வாரம் முன்பு எங்கள் கடையில் நின்று எல்லாம் கேட்ட மனிதர்.

“இல்ல, உளறல. எங்க வீட்டுலதான் உக்காந்திருக்காவ. உங்க மாமாவும் இருக்காங்க. பேசுதியளா?” என்றாள் பகவதி.

அந்தப் பக்கம் எங்கோ பேருந்து ஹாரன் அடித்தது. பிறகு இணைப்பு அறுந்தது.

பகவதி போனைக் கவிழ்த்து வைத்தாள். “காப்பியா, டீயா?” என்று கேட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. டீ என்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

கல்யாணம் நின்றுவிட்டது. பத்திரிகை அடித்து வந்துவிட்டதாம், கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறதாம். சார் போனில் சொன்னார். சிவசைலத்தின் அம்மா அவர் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாளாம். சிவசைலம் சென்னைக்குப் போய்விட்டார். போகும் முன் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். படிக்காமல் அழித்தேன். பழையதையும் அழித்தேன், ‘ஓடி வந்துரு’ உட்பட.

“அடுத்த வீட்டுப் பிள்ளை கல்யாணம் நின்னதுக்குச் சிரிக்காதட்டி” என்று அம்மா சொல்கிறாள். சிரிக்கவில்லை. ஆனால் சந்தோஷமாக இருக்கிறது. இதை வேறு மாதிரி எழுதினால் பொய்யாகும்.

சாயங்காலம் பகவதி கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று கடைக்கு வெளியே வந்து பேசினேன். அவள் கல்யாணத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை.

“அன்னைக்கே கேக்கணும்னு நினைச்சேன். அந்த வால்வு, உண்மையிலேயே ஒண்ணும் பண்ணாதுல்லா? மாடி ஏறுனா மூச்சு வாங்குதா?”

எத்தனை பேர் வாயில் எம்.ஆர். புரண்டிருக்கிறது. நெஞ்சு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பாகூடக் கேட்கவில்லை. நானும் மறந்துபோயிருந்தேன்.

“இப்ப வரைக்கும் ஒண்ணுமில்ல. மே மாசம் மறுபடி பாக்கணும்” என்றேன்.

“தனியாவா போவிய?”

“தெரியல.”

“சொல்லுங்க. நான் வாரேன்” என்றாள்.